ஜானகியின் வெந்நீர்ப் பாத்திரங்கள்

சீனிவாச ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து 'நெவாசா' கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அதற்கு முன்பு அவரது குடுமி வெட்டப்பட்டது. கத்தியும் முள்கரண்டியும் பிடித்து உண்ணப் பழக்கினார்கள். பயிற்சியின்போதும் தட்டில் காய்கறி தவிர எதையும் வைக்கக்கூடாது என்பது நிபந்தனை. தலை மாறலாம், கை பழகும் விதம் மாறலாம், வாய்க்குள் போவது மட்டும் மாறக்கூடாது.

ராமானுஜனின் வரலாற்றை எழுதியவர்கள் பலரும் இந்தத் தயாரிப்புகளைச் சொல்லியிருக்கிறார்கள். கடல் கடந்தபின் அந்தக் காய்கறியை யார் சமைப்பார் என்ற கேள்வியைத்தான் அன்று யாரும் போதுமான அளவு யோசிக்கவில்லை. மனைவி ஜானகிக்கு அப்போது பதினைந்து வயது நிறைய நான்கு நாள் இருந்தது. தானும் வருகிறேன் என்று அவர் கேட்டார். அவளைக் கவனித்துக்கொண்டிருந்தால் கணிதத்தில் மனம் நிற்காது என்பது கணவரின் பதில். கூட வரும் பெண் கவனிக்கப்பட வேண்டியவளாகத்தான் தெரிந்தாள். கவனித்துக்கொள்ளப் போகிறவளாகத் தெரியவில்லை.

இதை ஒரு தனிமனிதரின் பிழையாகச் சுருக்கிவிட முடியாது. வெளியே போகும் ஆணின் உணவு நியமம் தானாகவே நடந்துவிடும் என்ற நம்பிக்கைக்குத் தமிழ்நாட்டில் ஒரு ஏற்பாடு இருந்தது. 'பிராமணாள்' என்று பலகை வைத்த காபி கிளப்புகள் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் சாதிவாரியாகப் பிரித்துவைத்த சாப்பாட்டு அறைகள் இன்னொரு பகுதி. அங்கே காக்கப்பட்டது அரிசி பருப்பு மட்டுமல்ல. யார் சமைத்தார், யார் பரிமாறினார், பக்கத்து இலையில் யார் இருந்தார் என்பதும் சேர்ந்ததுதான் 'ஆசாரம்'. ஊரை விட்டுப் பயணம் போகும் ஆணுக்கு அவன் வீட்டுச் சமையலறையின் சட்டம் வழியெங்கும் விரித்து வைக்கப்பட்டிருந்தது. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவிட்டதுதான் 1925இல் தமிழக அரசியலையே இரண்டாகப் பிளந்தது. ரயில்வே உணவகப் பிரிவினை 1941 வரை நீடித்தது. 'பிராமணாள்' பலகைக்கு எதிராக 1957இல் பெரியார் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு போராட்டம் தொடங்கினார். மாதக்கணக்கில் ஆட்கள் கைதாகிக்கொண்டே இருந்தார்கள்.

எங்கள் மம்சாபுரத்துக்கு ஒரு பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர், மறுபக்கம் ராஜபாளையம். எந்தப் பக்கம் போனாலும் 'உயர்தர சைவ உணவகம்' என்ற பலகையைப் பார்க்கலாம். பழைய சொல் போய்விட்டது. 'உயர்தர' என்பது உணவுக்கா உண்பவருக்கா என்று பலகை இன்றும் சொல்வதில்லை.

கேம்பிரிட்ஜில் இப்படி ஒரு பலகை இல்லை. டிரினிட்டி கல்லூரியின் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தை ராமானுஜன் தவிர்த்தார். போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே ஊருக்கு எழுதிய கடிதத்தில், ஒழுங்கான சைவ உணவு கிடைப்பது சிரமமாக இருக்கிறது, பாலும் பழமும் கிடைக்காமல் போயிருந்தால் பாடு இன்னும் அதிகமாகியிருக்கும் என்ற பொருளில் குறிப்பிட்டார். பிறகு தன் அறையிலேயே சமைக்கத் தொடங்கினார். சென்னையிலிருந்து புளியும் மசாலாவும் பெட்டியில் போயின. சமைக்கும் முன் ஒவ்வொரு முறையும் உடைமாற்றி பைஜாமா அணிந்துகொள்வார் என்று ஹார்டி பதிவு செய்திருக்கிறார். மடி உடுத்தும் வழக்கம் ஒற்றை ஆளின் அறைக்குள் கண்டுகொண்ட மாற்று உருவம் அது.

அந்த அறையில் நடந்த ஒரு விருந்து, அவரது வாழ்க்கை வரலாறுகளில் விசித்திரமான நிகழ்ச்சியாகச் சொல்லப்படுகிறது. நண்பர் சாட்டர்ஜிக்குத் திருமணம் நிச்சயமான மகிழ்ச்சியில் அவரையும் மணப்பெண் இளா ருத்ராவையும் இன்னொரு பெண்ணையும் ராமானுஜன் சாப்பிட அழைத்தார். ரசம் வைத்திருந்தார். முதல் முறை எல்லோரும் குடித்தார்கள். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் முறை ஊற்ற வந்தபோது பெண்கள் இருவரும் போதும் என்றார்கள். சற்று நேரத்தில் ராமானுஜனைக் காணவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போயிருந்தார். நான்கு நாள் கழித்துத் திரும்பியவர், தான் பரிமாறியதைப் பெண்கள் மறுத்தது அவமானமாகிவிட்டது என்றார்.

மேதையின் கிறுக்குத்தனம் என்று சிரித்துக்கொண்டே கடந்துபோகிறார்கள். சமைத்துப் பரிமாறிய பிறகு 'போதும்' என்ற சொல் கேட்டுச் சுருங்கிப்போவது நம் வீடுகளில் பெண்களுக்கு அன்றாட அனுபவம். அவர்களால் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்விட முடியாது. அடுத்த வேளைக்கு அரிசி களைய வேண்டும். கோமளத்தம்மாளின் சமையலில் வளர்ந்த மகன், சமைப்பவரின் இடத்தில் நின்று பார்த்த நாள் அது.

போர் வந்தது. பாலும் காய்கறியும் கிடைப்பது குறைந்தது. கணக்கில் ஆழ்ந்துவிட்டால் அடுப்பு நினைவே இருக்காது. 1917இல் நோயில் விழுந்தார். மேட்லாக் காசநோய் மருத்துவமனையில் மருந்தைவிட உணவே பெரிய பூசலாக இருந்தது. அவருக்கு இருந்தது கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994இல் டி.ஏ.பி. யங் என்ற மருத்துவர் ஆவணங்களை ஆராய்ந்து எழுதினார். எனவே விரதம்தான் கொன்றது என்று தீர்ப்புச் சொல்வது சரியல்ல. நோய் வந்த உடம்புக்குச் சோறு ஊட்ட ஆளில்லாமல் போனது வேறு கணக்கு. அது எழுதப்படவில்லை.

இதே நியமத்தோடு கடல் கடந்த ஒரு பெண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மராத்தியப் பெண் ஆனந்திபாய் ஜோஷி மருத்துவம் படிக்க 1883இல் தனியே அமெரிக்கா போனார். புறப்படும் முன் செராம்பூரில் கூட்டம் கூட்டி, இந்துவாகப் போய் இந்துவாகவே திரும்புவேன் என்று ஊரறிய உறுதி சொல்ல வேண்டியிருந்தது. சேலையையும் சைவ உணவையும் அங்கே விடவில்லை. 1886இல் பட்டம் பெற்றார். 1887 பிப்ரவரியில், இருபத்திரண்டு வயது நிறையும் முன்பே காசநோயில் இறந்தார். காந்தி 1888இல் லண்டன் போனபோது தாய்க்குச் சத்தியம் செய்துகொடுத்தார். பசியோடு தெருத்தெருவாய் அலைந்து ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். ஆண் செய்த சத்தியம் தாய்க்கும் மகனுக்கும் இடையில் முடிந்தது. பெண் செய்த சத்தியத்துக்கு ஒரு கூட்டமே சாட்சியாக உட்கார்ந்திருந்தது.

உணவைத் துறப்பது எப்போதும் விலங்குதான் என்று நான் சொல்லவரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கு அப்படிச் சொல்வது கடினம். ஆண்டாளின் பாவை நோன்பில் நெய்யையும் பாலையும் விடுவது பெண்கள் தாங்களே கூடி எடுக்கும் முடிவு. இரண்டாம் பாட்டில் விட்ட பாலும் நெய்யும் இருபத்தேழாம் பாட்டில் திரும்பி வருகின்றன. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து உண்பதோடு அந்த விரதம் முடிகிறது. தொடங்கவும் முடிக்கவும் தனக்கு உரிமை உள்ள நோன்பு அது.

புறநானூற்றின் 246ஆம் பாட்டில் இருப்பது வேறு நோன்பு. பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு, கைம்பெண்ணுக்கு விதித்த உணவைப் பட்டியலிடுகிறாள். பிழிந்தெடுத்த சோறு, எள் துவையல், வெந்த வேளைக்கீரை. இதை உண்டு வாழ்வதைவிடத் தீயில் புகுவேன் என்கிறாள். அந்த நோன்பை முடித்துவைக்கும் இருபத்தேழாம் பாட்டு கிடையாது.

ராமானுஜன் 1919 மார்ச் 27 அன்று பம்பாயில் வந்திறங்கினார். அழைக்க வந்திருந்த தாயிடம் அவர் கேட்டது ஜானகி எங்கே என்பதுதான். இருவரும் எழுதிய கடிதங்கள் ஒருவரை ஒருவர் சேராமல் மாமியார் தடுத்திருந்தார் என்பது பின்பு தெரிந்தது. அதற்கடுத்த ஓராண்டுதான் அவர்கள் உண்மையில் சேர்ந்து வாழ்ந்த காலம். நீ என்னோடு வந்திருந்தால் நான் நோயாளி ஆகியிருக்க மாட்டேன் என்று அவர் சொன்னதாக வாழ்க்கை வரலாறு பதிவு செய்கிறது. 1914இல் கேட்ட அனுமதிக்கு ஐந்தாண்டு தாமதமாக வந்த பதில். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் அவர் இறந்தார். ஜானகிக்கு வயது 21.

அந்த வயதில் கைம்பெண்ணான ஒரு வைதிகக் குடும்பப் பெண்ணுக்கு என்ன வாழ்க்கை விதித்திருந்தார்கள் என்று நமக்குத் தெரியும். ஜானகி பம்பாய்க்குச் சகோதரர் வீட்டுக்குப் போனார். தையல் கற்றார், ஆங்கிலம் கற்றார். சென்னை திரும்பித் திருவல்லிக்கேணியில் தையல் தைத்துச் சம்பாதித்தார், பெண்களுக்குக் கற்றும்கொடுத்தார். ஒரு மகனைத் தத்தெடுத்து வளர்த்தார். முரளி கபே பலகைக்காக ஆட்கள் கைதாகிக்கொண்டிருந்த நாட்களில் அவர் வாழ்ந்ததும் அதே திருவல்லிக்கேணிதான். கணவர் இறந்தபின் 74 ஆண்டுகள் வாழ்ந்து 1994 ஏப்ரலில் மறைந்தார்.

முதுமையில் அவரைத் தேடிக் கணித அறிஞர்கள் வந்தார்கள். காணாமல்போன தாள்களைப் பற்றிக் கேட்டார்கள். அவர் தனக்குக் கிடைத்த பேறாகச் சொன்னது வேறொன்றை: கடைசி நாட்களில் சோறும் எலுமிச்சைச் சாறும் மோரும் வேளாவேளைக்குக் கொடுக்க முடிந்தது, வலி என்றபோது காலுக்கும் மார்புக்கும் ஒத்தடம் போட முடிந்தது. அதற்கு வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களைப் பல பத்தாண்டுகள் கழிந்தும் அவர் பத்திரமாக வைத்திருந்தார்.

ராமானுஜனின் நோட்டுப்புத்தகங்கள் அச்சாகி உலகம் முழுவதும் வாசிக்கப்படுகின்றன. அந்தப் பாத்திரங்களும் ஆவணங்கள்தாம்.