கருப்பூர்க் கலம்காரி: தூணாகவும் கூரையாகவும் தொங்கும் ஓவியம்

கருப்பூர்க் கலம்காரி, பருத்தித் துணியில் இயற்கைச் சாயம் கொண்டு கையால் எழுதப்படும் ஓவியம். கொள்ளிடத்தின் வடகரையில் அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் பகுதி, தென்கரையில் தஞ்சாவூர் மாவட்டம் சிக்கல்நாயக்கன்பேட்டை, திருப்பனந்தாள் வட்டாரம் ஆகியவை இதன் ஊர்கள். 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. கட்டடத்தின் உறுப்பு ஒன்று இல்லாத இடத்தில் அந்த உறுப்பாகவே நின்றுகொள்வது இந்த ஓவியத்தின் தனித்தன்மை. கூரைக்குப் பதில் விதானம்; அதை அஸ்மான்கிரி என்றும் சொல்வார்கள். நிலைவாசலில் பூவும் மாவிலையும் தொங்கும் இடத்தில் வாசல்மாலை. தூணுக்குப் பதில் தொம்பை.

தொம்பையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நீளத் துணியில் கிளி, அன்னம், யாளி, தாமரைக்கொடி எழுதி, ஓரங்களைச் சேர்த்துக் குழலாகத் தைத்து, உள்ளே வளையம் கொடுத்துத் தொங்கவிடுகிறார்கள். அடியில் துணிக் கீற்றுகள் குஞ்சமாக விழும். பந்தலில் வரிசையாகக் கட்டினால் தூண் நிறைந்த மண்டபம் எழுந்துவிடும். ஆனால் இந்தத் தூணின் கால் தரையில் படாது, காற்றடித்தால் ஆடும். பாரம் தாங்குவதை மூங்கிலும் சவுக்குக் கம்பும் பார்த்துக்கொள்கின்றன. கூடும் இடம் எது, சாமி இருக்கும் இடம் எது என்று பிரித்துக் காட்டும் வேலையைத் தொம்பை எடுத்துக்கொள்கிறது.

தேரிலும் இதே கணக்குதான். மரத்தாலான அடிப்பகுதி நிலையானது. அதன் மேல் எழும் கோபுரம், ஒவ்வொரு திருவிழாவுக்கும் கம்புகளைக் கட்டித் தேர்ச்சீலை போர்த்தி எழுப்பப்படுவது. மரத்தை ஏற்றினால் பாரம் தாங்காத உயரத்துக்குத் துணி ஏறுகிறது. தேர் நிலைக்கு வந்ததும் கோபுரத்தை அவிழ்த்து, மடித்து, பெட்டியில் வைத்துவிடலாம்.

இந்தக் கலையை நாயக்கர்களும் அவர்களுக்குப் பின் தஞ்சை மராட்டியரும் ஆதரித்தனர். கொள்ளிடக் கரையிலுள்ள கோடாலிக்கருப்பூரில் அரண்மனைக்கென்றே சேலைகள் உருவாயின. சரிகை கோத்து நெய்த துணியில், மெழுகால் கோடுகளை மறைத்துச் சாயம் ஏற்றும் நுட்பம் அது. 1855-இல் மன்னர் இரண்டாம் சிவாஜி மறைந்து அரசும் முடிவுக்கு வந்தபின் அந்தச் சேலைக்கு ஆதரவு அற்றுப்போனது. அவற்றை இன்று அருங்காட்சியகங்களில்தான் பார்க்க முடிகிறது. கோயிலை நம்பியிருந்த ஓவியத்துணி பிழைத்துக்கொண்டது.

துணியை முதலில் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் தோய்த்து உலர்த்துகிறார்கள். பாலின் கொழுப்பு மையைக் கசியவிடாது. கறுப்பு மை, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊறவைத்துப் பெறுவது. மூங்கில் குச்சியால் அதைத் தொட்டு எழுதும்போது மங்கலாக இறங்கும் கோடு, கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கண்ணெதிரே கறுக்கிறது. சிவப்புக்கு வேறு வழி. படிகாரக் கரைசலால் எழுதி, துணியைச் சாயவேர்ச் சாற்றில் கொதிக்கவிட்டால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும்.

பொருளின் இடத்தில் ஓவியத்தை வைக்கும் பழக்கம் உலகெங்கும் உண்டு. இத்தாலியின் மாந்துவா நகர அரண்மனையில் ஓவியர் மாந்தேனியா 1474-இல் முடித்த அறையில், அடைத்த கூரையின் நடுவே வானம் தெரிகிறது. சுவரில் திரைச்சீலைகள் தொங்குகின்றன. எல்லாம் வண்ணப்பூச்சு. நம் சித்தன்னவாசல் குடைவரையிலோ, துணி விதானத்தின் கோலத்தைப் பாறைக் கூரையிலேயே தீட்டியிருக்கிறார்கள். மாந்துவா ஓவியம் கண்ணை நம்பவைத்து ஏமாற்றப் பார்க்கிறது. தொம்பைக்கு அந்த நோக்கம் கிடையாது. தான் துணிதான் என்பதை மறைக்காமலே தூணின் மரியாதையைப் பெற்றுவிடுகிறது. ஏமாற்றும் ஓவியத்தைவிட இதுவே அரிய திறமை.

தூணும் முற்றமும் இல்லாத அடுக்குமாடி வீடுகளுக்கு இந்தக் குணம் நன்றாகப் பொருந்துகிறது. பூஜை அலமாரிக்கு மேல் சிறிய விதானம், இருபுறமும் இரண்டு குட்டித் தொம்பை கட்டினால், கூடத்தின் ஒரு மூலை சந்நிதியாகிவிடும். கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்குப் பதிலாக ஓவியத்திரையை மாட்டுவோரும் உண்டு. வாங்கும்போது அச்சுத்துணியா என்று பார்ப்பது அவசியம். அச்சில் எல்லாக் கிளியும் ஒரே கிளியாக இருக்கும். கையால் எழுதியதில் ஒவ்வொன்றின் கழுத்தும் சற்றே வேறாக வளையும். இயற்கைச் சாயம் நேர்வெயிலில் வெளுக்கும் என்பதால் சன்னலுக்கு எதிரே மாட்டக் கூடாது. துவைக்க வேண்டி வந்தால் குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துவது நல்லது.