முதல் ஸ்லாட்டின் மாட்யூல்

ரேக்கிலிருந்து அந்த மாட்யூலை உருவியபோது கை தாங்காத சூடு. ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் பவர் ரூம் அது. லைனில் வரும் ஏசியை வாங்கி 54 வோல்ட் டிசியாக மாற்றித் தருவது அந்த மாட்யூலின் பிழைப்பு. எக்ஸ்சேஞ்சின் பேட்டரியில் 24 செல்கள், செல்லுக்கு 2.25 வோல்ட், அதனால்தான் 54. பக்கத்தில் அதே வார்ப்பில் இன்னும் இரண்டு. ஒவ்வொன்றும் 50 ஆம்பியர் வரை தரும். எக்ஸ்சேஞ்ச் கேட்டதோ 90. இரண்டே போதும்; ஒன்று விழுந்தால் தாங்கிக்கொள்ளத்தான் மூன்றாவது.

ஆளுக்கு 30 சுமந்திருக்க வேண்டும். இது 50 சுமந்தது. மற்றவை 20, 20.

வினை அது பிறந்த மேசையிலேயே தொடங்கிவிட்டது. தொழிற்சாலையில் எவ்வளவு கவனமாக வோல்டேஜை வைத்தாலும் இரண்டு மாட்யூல்கள் அச்சு அசலாக ஒத்துப்போவதில்லை. 0.1 வோல்ட் கூடினால் என்ன என்று தோன்றும். மாட்யூலுக்கும் எல்லாம் சேரும் பஸ்பாருக்கும் நடுவே தடை 2 மில்லி ஓம்தான் என்றால், அந்த 0.1 வோல்ட்டே இரண்டுக்கும் இடையில் 50 ஆம்பியர் ஏற்றத்தாழ்வை உண்டாக்கும்.

இதைச் சரிக்கட்டவே மாட்யூல்களுக்கு இடையே ஒரு மெல்லிய ஷேர் வயர் ஓடுகிறது. அமெரிக்காவின் யூனிட்ரோடு நிறுவனத்தின் யூசி3907 போன்ற சில்லுகள் இந்த வேலைக்கென்றே வந்தவை. அதிகம் சுமப்பது எதுவோ அது தன் அளவை அந்த வயரில் சொல்லும். மற்றவை தம் வோல்டேஜைச் சற்றே உயர்த்தி அதன் பாரத்தை வாங்கிக்கொள்ளும். அப்படி உயர்த்துவதற்கும் வரம்பு உண்டு. பழுதான ஒன்று தவறான அளவைச் சொன்னாலும் மற்றவை அதன் பின்னால் வெகுதூரம் போய்விடாது. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

முதல் ஸ்லாட்டில் மட்டும் அந்த வயரின் கனெக்டர் பின் விட்டுப்போயிருந்தது. இரண்டும் மூன்றும் தங்களுக்குள் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. முதலாவது படும் பாடு அவற்றுக்கு எட்டவே இல்லை. எங்களுக்கும் எட்டவில்லை. வோல்டேஜ் சரி, மொத்தம் 90 சரி, அலாரம் இல்லை. மாதக்கணக்கில் மொத்தத்தை மட்டுமே எழுதிவந்தோம் என்பது இன்றும் உறுத்துகிறது.

எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மாட்யூலைத் திறந்து பார்த்தபோது அதன் கப்பாசிட்டர்களின் தலைகள் உப்பியிருந்தன.

மாட்யூல் பழுது பார்க்கப் போன நாட்களில் மற்ற இரண்டும் ஆளுக்கு 45 சுமந்தன. ஒரு அழைப்புகூட அறுபடவில்லை. கப்பாசிட்டர்கள் மாறி அது திரும்பி வந்தது. பின்னைச் சரிசெய்து, ரேக் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே தள்ளினோம். மீட்டர் பூஜ்யத்திலிருந்து நிதானமாக ஏற, பக்கத்து மீட்டர்கள் இரண்டும் 45-லிருந்து இறங்கின.

அன்று லாக்புக்கில் புதிதாக மூன்று கட்டங்கள் போட்டோம். முதல் வரி: 31, 29, 30.