அரபு எழுத்துப் பொறித்த பழந்துணிகள்

நெய்த துணி நம் நாட்டு மண்ணிற் புதைந்தால் நெடுநாள் நில்லாது. ஈரமும் கரையானும் அதனை உண்டுவிடும். ஆதலின் பண்டைத் துணிகளைக் காண விழைவோர் மழையறியா எகிப்து நாட்டு மணலை நாடல் வேண்டும். கெய்ரோ நகரின் தென்பால் புஸ்தாத் என்றொரு பழம்பதி உளது. கி.பி. 641-இல் அராபியர் அமைத்த அந்நகர் 1168-இல் தீக்கிரையாயிற்று. அதன் குப்பைமேடுகளிலும், அந்நாட்டுப் பிற ஊர்களின் புதைகுழிகளிலும் துணித்துண்டுகள் மிகப்பல கிடைத்துள.

அவற்றுள் ஒருவகை ‘திராஸ்’ எனப்படும். பூவேலை என்று பொருள்படும் பாரசீகச் சொல் அது. கலீபாக்களின் ஆணைவழி நடந்த நெசவுச் சாலைகளில், சணல்நார்த் துணியின் ஓரத்தே பட்டிழையால் அரபு எழுத்துக்களை அமைத்தனர். இறைவன் திருநாமம், கலீபாவின் பெயர், அவர்க்கு வாழ்த்து, அமைச்சர் பெயர், நெய்த ஊர், ஆண்டு என்பன அவ்வரியில் வரும். நாணயத்திற் பெயர் பொறிக்கப்பெறுதல் போலவே துணியிற் பெயர் பெறுதலும் அரசுரிமைக்கு அடையாளமாயிற்று. அரசன் அளித்த அவ்வாடையை இறந்த பின்னும் தம்மேற் போர்த்தப் பலர் விரும்பினர். இத்துணை பெயர்கள் இருந்தும், கண்ணோவத் தறியில் இருந்தவன் பெயர் காண்டற்கு அரிது.

நிற்க. புஸ்தாத்திற் கிடைத்த பருத்தித் துண்டுகளுட் பல இந்தியாவிற் செய்தவை என்பதைப் பிஸ்டர் என்னும் அறிஞர் 1938-இல் நூலெழுதி நாட்டினார். ஆக்ஸ்போர்டு அஷ்மோலியன் காட்சிச்சாலையில் நியூபெர்ரி என்பார் சேர்த்த இத்தகைய துண்டுகள் 1,200-க்கு மேல் உள. இவை பெரிதும் குஜராத்து அச்சுச் சீலைகள் என்பதே அறிஞர் துணிபு. பெருமை கருதி நம் சோழமண்டலக் கரையினர் உரிமை கொண்டாடுதல் தகாது. சிலவற்றில் அரபு எழுத்துப் போன்ற வரிகள் காணப்படுகின்றன. படிக்கப் புகின் ஒரு சொல்லும் தேறாது! கட்டை செதுக்கியவன் அம்மொழி அறியான். வாங்குவோர் விரும்பும் எழுத்தழகை மட்டும் கொடியும் பூவும் போல வெட்டினான். இதனை அறியாமை என நகைப்பார் உளர். யாம் அங்ஙனம் கருதோம். தான் காணாத நாட்டார் கண்ணுக்கு இனியது யாதென உணர்ந்த கூர்மை அது.

தமிழர் தொடர்பு வேறோரிடத்துப் புலனாகின்றது. செங்கடற் கரையிலுள்ள பழைய குசைர் துறையில், 1978 முதல் 1982 வரை சிக்காகோ பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ் எழுத்திற் கீறிய பானையோடுகள் அகப்பட்டன. பன்னூற்றாண்டுகளுக்குப் பின் அதே துறையில் இறங்கிய இந்தியச் சாயத்துணிகளும் அங்கே கிடைத்துள. பானையில் உடையவன் பெயர் நின்றது. துணியில் நெய்தவன் பெயர் நிற்கவில்லை.

இனி நம் ஊரை நோக்குவோம். திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலட் நெசவாளர்க்கென அமைத்த ஊர். காலட்பேட்டை என்பதே அங்ஙனம் மருவிற்று. ஊர்ப்பெயரில் கவர்னர் இருக்கின்றார். அவர் அழைப்பிற்கிசைந்து அங்கு வந்து தறி பூட்டியவர்களோ அதில் இல்லை. அவ்வூரிலும் இராயபுரத்திலும் வாழும் நம் குடும்பத்தார் இல்லங்களில் பழைய கணக்கோலையோ, நூல் பற்றுச்சீட்டோ, கலியாணப் பத்திரிகையோ இருப்பின், அவற்றிலுள்ள பெயர்களைப் படியெடுத்துச் சங்கத்தில் சேர்ப்பிக்குமாறு வேண்டுகின்றோம்.