எந்தப் பாடப்பிரிவு? ஒரு கேள்வியின் வரலாறு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில் இந்தியாவெங்கும் வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது: அடுத்து அறிவியலா, வணிகவியலா, கலைப்பிரிவா? தமிழ்நாட்டில் இதனை ‘குரூப்’ என்கிறோம். வடமாநிலங்களில் ‘ஸ்ட்ரீம்’ என்பர். பதினைந்து, பதினாறு வயதில் அளிக்கப்படும் விடை, பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் எந்தத் துறைக்கு விண்ணப்பிக்க இயலும் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்துவிடுகிறது. இவ்வேற்பாடு இயல்பானதுபோலத் தோன்றினும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. அதனை அறிவது, மாணவரைக் காட்டிலும் பல்கலைக்கழகங்களில் பணியாற்றும் நமக்கே மிகுதியும் தேவை எனக் கருதுகிறேன்.

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தோன்றின. அவை கற்பிக்கவில்லை, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கின. நுழைவுத் தேர்வு, எஃப்.ஏ., பி.ஏ. என்ற வரிசையில் ஒவ்வொரு படியிலும் பாடங்கள் பெரும்பாலும் விதிக்கப்பட்டவையே. ஒன்றில் தவறினால் முழுத் தேர்விலும் தோல்வி. 1858இல் கல்கத்தாவில் நடைபெற்ற முதல் பி.ஏ. தேர்வில் பங்கிம் சந்திர சட்டர்ஜியும் ஜதுநாத் போஸும் ஆறு பாடங்களுள் ஒன்றில் சில மதிப்பெண்கள் குறைந்தனர். பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கருணை மதிப்பெண் வழங்கிப் பட்டமளித்தது. அரை நூற்றாண்டிற்குப் பின் சீனிவாச ராமானுஜனுக்கு அத்தகைய சலுகை ஏதும் கிட்டவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தார். பச்சையப்பன் கல்லூரியில் உடலியல் முதலிய பாடங்கள் குறுக்கே நின்றன. 1907இல் தனித்தேர்வராக எழுதியும் எஃப்.ஏ. தேறவில்லை. கணிதத்தை மட்டும் முதன்மையாகக் கொண்டு பயிலும் வழி அன்று அவருக்கு இல்லை.

அக்காலப் பள்ளியில் மாணவருக்கு இருந்த மிகச் சில தெரிவுகளுள் ஒன்று, இரண்டாம் மொழி. அதுவும் எல்லோருக்கும் உரியதாக இல்லை. அதே 1907இல் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேறிய அம்பேத்கர் சமஸ்கிருதம் பயில விரும்பியவர். தீண்டத்தகாதவர் எனக் கருதப்பட்ட மாணவருக்கு அதனைக் கற்பிக்க ஆசிரியர் மறுத்தமையால் பாரசீகம் எடுத்துப் படித்தார். சமஸ்கிருதத்தைப் பிற்காலத்தில் தம் முயற்சியால் கற்றார். பாடப்பட்டியலில் ஒரு பெயர் இருப்பதும் அப்பாடம் ஒரு மாணவருக்குக் கிடைப்பதும் வெவ்வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தைத் தொடர்ந்து கல்கத்தாவில் புதிய விதிகள் வந்தன. எஃப்.ஏ. மறைந்து, கலைக்கும் அறிவியலுக்கும் தனித்தனி இண்டர்மீடியட் தேர்வுகள் தோன்றின. இன்றைய பிரிவுமுறையின் தொடக்கங்களுள் இது முக்கியமானது. இதன் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ராமானுஜன் எஃப்.ஏ. தேறாமற் போன நான்கே ஆண்டுகளில், 1911இல், சத்யேந்திரநாத் போஸும் மேகநாத் சாகாவும் அறிவியல் இண்டர்மீடியட் தேறிப் பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் பயிலச் சென்றனர். ஆயினும் பிரிவு பிரிந்தவுடன், தேர்ந்தெடுக்கும் சுமை பதின்பருவத்து மாணவர்மீது இறங்கியது.

விடுதலைக்குப் பின் அச்சுமை இன்னும் இளைய வயதிற்கு நகர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952–53) மனிதவியல், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகளையும் அவற்றைக் கற்பிக்கப் பல்நோக்குப் பள்ளிகளையும் பரிந்துரைத்தது. ஏட்டுக்கல்வி ஒன்றே கல்வி என்ற நிலையை மாற்றுவது அதன் நோக்கம், அந்நோக்கம் போற்றத்தக்கது. ஆனால் ஆய்வகமும் பட்டறையும் ஆசிரியரும் இல்லாத பள்ளியில் ஏழு பிரிவுகளும் ஏட்டிலேயே நின்றன. மாணவர் தெரிவுசெய்தது, பெரும்பாலும், அருகிலுள்ள பள்ளியில் இருந்ததையே.

1960களில் இருவகைத் திருத்தங்கள் வந்தன. பெண்களுக்கென்றும் ஆண்களுக்கென்றும் தனித்தனிப் பாடங்கள் கூடாது என ஹன்சா மேத்தா குழு வலியுறுத்தியது. கோத்தாரி குழு (1964–66) அதனை ஏற்றது. இயற்பியலாளரான டி. எஸ். கோத்தாரியின் தலைமையில் அமைந்த அக்குழு, பத்தாம் வகுப்புவரை சிறப்புப் பிரிவுகளே வேண்டாம் என்றும், கணிதமும் அறிவியலும் அனைவருக்கும் கட்டாயம் என்றும் கூறியது. மனையியல் பயின்றமையால் கணிதத்தை இழந்த சிறுமியருக்கு இது பெரும் மாற்றம். 1970களில் 10+2 முறை பரவியது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கிற்று. பிரியும் வயது தள்ளிப்போனது. பிரிவின் கடுமை குறையவில்லை.

அக்கடுமை எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுவதுமில்லை. அறிவியல் பயின்றவர் வரலாற்றுப் பட்டத்திற்கு விண்ணப்பிக்கலாம். வரலாறு பயின்றவர் இயற்பியலுக்கு விண்ணப்பிக்க இயலாது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரச் சிறப்புப் பட்டம் பயில, பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் வேண்டும். பாதை ஒருவழியாக இருப்பதாலேயே, விருப்பம் எதுவாயினும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அறிவியலை எடுக்குமாறு பெற்றோர் கூறுகின்றனர். அக்கூற்றில் அறியாமை இல்லை. நம் விதிகளைச் சரியாகப் படித்ததன் விளைவு அது. தனிப்பயிற்சிக்கு வசதியில்லாத மாணவரோ, கணித ஆசிரியர் இல்லாத பள்ளியில் பயிலும் மாணவரோ அந்தப் பாதுகாப்பையும் பெறுவதில்லை.

2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை பிரிவுகளுக்கிடையே இறுக்கமான வேலிகள் கூடாது என்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் எப்பாடம் பயின்றிருப்பினும், நுழைவுத் தேர்வில் தேறினால் எத்துறையிலும் சேரலாம் என்று 2024 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வரைவு விதிகள் கூறின. வேலியை அகற்றுவது நல்லதே. ஆனால் பயிலாத பாடத்தில் நுழைவுத் தேர்வெழுதப் பயிற்சி நிலையத்தை நாட வேண்டுமெனில், பள்ளி வாயிலில் இருந்த தடை கட்டண வாயிலுக்கு இடம்பெயர்ந்ததாகவே ஆகும். முதலியார் குழுவின் ஏழு பிரிவுகளுக்கு நேர்ந்ததே இதற்கும் நேரக்கூடும்.

ஆகவே துறைகளில் இருப்போருக்கு ஒரு வேண்டுகோள். சேர்க்கைத் தகுதி வரையறுக்கும் கூட்டங்களில் ‘கட்டாயம் பயின்றிருக்க வேண்டும்’ என்ற தொடர் ஆண்டுதோறும் படியெடுக்கப்படுகிறது. ஒவ்வொரு பாடத்திற்கும் அது உண்மையில் தேவையா, அல்லது முதற்பருவத்தில் ஓர் அடிப்படைத் தாளை நாமே கற்பித்து அக்குறையை நிரப்ப இயலுமா என்று ஒருமுறை ஆராய வேண்டும். இயலுமெனில், அந்தத் தாளைக் கற்பிக்க ஆசிரியரையும் நேரத்தையும் ஒதுக்குவது நம் கடமை. பதினைந்து வயதில், கிடைத்த பள்ளியில், கிடைத்த பிரிவில் சேர்ந்த ஒருவரிடம் நாம் கேட்கும் தகுதியில் ஒரு பகுதியை நாமே கற்பிக்க முன்வருவது நியாயம்.