வெள்ளத்தின் காலமும் நாகரிகத்தின் போக்கும்

ஆதி நாகரிகங்கள் ஆற்றங்கரைகளிலே தோன்றின என்பது வரலாறு பயில்வோர் யாவரும் அறிந்ததே. நைல் நதிப் பள்ளத்தாக்கிலும், யூப்பிரத்தீசு, தைகிரிசு என்னும் நதிகளாற் சூழப்பட்ட தென் மெசப்பொத்தேமியாவிலும் மழை மிகக் குறைவு. வண்டல் மண்ணோ வளம் மிக்கது. ஆற்றுநீரைக்கொண்டு பயிரிட்ட மக்கள் தம் தேவைக்கு மேலான தானியத்தைப் பெற்றனர். அம் மிகை விளைவே அரசரும் குருமாரும் எழுத்தரும் கைவினைஞரும் உழவுத் தொழிலினின்று நீங்கி வாழ வழிவகுத்தது. ஆயினும், இவ்விரு நாகரிகங்களும் ஒரே வழிச் செல்லவில்லை. எகிப்து கி. மு. 3100 அளவிலேயே ஒரே முடியின்கீழ் ஒன்றுபட்டது. சுமேரியரோ பல நூற்றாண்டுகள் தனித்தனி நகர அரசுகளாகவே வாழ்ந்தனர். இவ்வேறுபாட்டிற்குரிய காரணங்களை ஆராயுமிடத்து, வெள்ளம் வருங் காலத்தையும் நோக்குதல் வேண்டும்.

எதியோப்பிய மேட்டுநிலத்திற் கோடையிற் பெய்யும் மழையே நைல் நதியின் பெருக்கிற்குக் காரணம். எகிப்தின் தென்னெல்லையாகிய அசுவானில் யூன் இறுதியில் ஏறத் தொடங்கும் நீர், செப்டெம்பரில் உச்சநிலையை அடைந்து, பின்னர் வடியும். ஈரம் நிறைந்த வயலில் உழவன் விதைத்து, இளவேனிலில் அறுவடை செய்வான். அறுவடை முடிந்து நிலம் வெறுமையாய்க் கிடக்கும் வேளையிலேயே அடுத்த வெள்ளம் வரும். எகிப்தியர் தம் ஆண்டை வெள்ளக்காலம், விதைப்புக்காலம், அறுவடைக்காலம் என நந்நான்கு மாதங்கொண்ட மூன்று பருவங்களாக வகுத்தமை இவ்வொழுங்கின் விளைவே. நீரோட்டம் படகுகளை வடக்கே கொண்டு சென்றது. வடக்கிலிருந்து வீசுங் காற்றோ பாய் விரித்த படகுகளைத் தெற்கே செலுத்தியது. இருமருங்கும் பாலைவனம் அரணாயிற்று. ஆதலின், ஒரே அரசன் ஆற்றுவழியே நாடு முழுவதையும் ஆளுதல் எளிதாயிற்று.

மெசப்பொத்தேமியாவின் நிலை வேறு. வடக்கிலுள்ள மலைகளிற் பனி உருகுவதால் ஏப்பிரல், மே மாதங்களில் ஆறுகள் பெருகும். அதுவோ கதிர் முற்றி அறுவடைக்கு நிற்குங் காலம். நீர் வேண்டப்படும் விதைப்புக்காலத்தில் ஆறு வற்றியிருக்கும். வேண்டப்படாதபோது கரை புரளும். எனவே கால்வாய் வெட்டுதலும், அணைகட்டுதலும், ஆண்டுதோறுந் தூரகற்றுதலும் ஒவ்வொரு நகரத்தின் உயிர்நாடியாயின. நீர் பிணக்கிற்குங் காரணமாயிற்று. கி. மு. 2500 அளவில் இலகாசு, உம்மா என்னும் அயல் நகரங்கள் எல்லை நிலத்திற்கும் கால்வாய் நீருக்குமாகப் போரிட்டன. தன் அணைக்கரையைப் பேணாது அயலான் வயலை வெள்ளத்துக்கு இரையாக்கியவன், அழிந்த தானியத்தை ஈடுசெய்தல் வேண்டுமென, கி. மு. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அம்முராபியின் சட்டமும் விதித்தது.

கால்வாய்ப் பாசனம் மற்றுமோர் இடரையுந் தோற்றுவித்தது. நீர் வடிய வழியில்லாத சமநிலத்தில் நிலத்தடி நீர் மேலெழுந்து ஆவியாக, உப்பு மேற்பரப்பிலே தங்கும். உப்பைத் தாங்கும் ஆற்றலிற் கோதுமை வாற்கோதுமையினுங் குறைந்தது. சுமேரியாவிற் கோதுமைப் பயிர் படிப்படியாக அருகியதற்கு இவ்வுவர்ப்பே காரணமென யாக்கொப்சன், அடம்சு என்னும் அறிஞர் 1958இல் எடுத்துரைத்தனர். அதன் அளவுபற்றிப் பின்வந்தோர் சிலர் மாறுபட்டனரெனினும், உவர்ப்பு அந்நிலத்தின் தீராத இடர் என்பதை எவரும் மறுத்திலர். நைல் வெள்ளமோ ஆண்டுதோறும் உப்பைக் கழுவிச் சென்றது.

எனினும், புவியியலே வரலாற்றை முற்றாக நிருணயிக்கின்றது எனல் பொருந்தாது. கி. மு. 2200 அளவில் நைல் வெள்ளங் குன்றியது. அக்கால எல்லையிலேயே எகிப்தின் பழைய அரசும் சிதைந்தது. ஆயின் ஆறு குன்றியமையோடு அரசுரிமைப் பூசலும் மாகாணத் தலைவரின் செருக்குஞ் சேர்ந்தன. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டின் பின் அதே ஆற்றங்கரையில் நாடு மீண்டும் ஒன்றுபட்டது. ஆறு வினாவை எழுப்பியது, விடையளித்தவர் மனிதரே.

அவ்வினா இன்றும் ஓயவில்லை. 1970இல் அசுவான் பேரணை நிறைவெய்தியது. அதனால் எகிப்தியர் ஆண்டு முழுவதும் பாசன நீரும் மின்வலுவும் பெற்றனர். வெள்ளத்தின் அச்சமும் நீங்கிற்று. ஆனால், வண்டலைக் கொணர்ந்து உப்பைக் கழுவிய பழைய வெள்ளமும் உடன் நின்றுபோயிற்று. வயலுக்குச் செயற்கை உரமும், உவர்நீரை அகற்ற வடிகாலும் தேவையாயின. சுமேரிய உழவன் கண்ட அவ்விடரை, ஐயாயிரம் ஆண்டு அதனை அதிகம் அறியாதிருந்த எகிப்திய உழவனும் இன்று எதிர்நோக்குகின்றான். ஆற்றை அடக்கும் மனிதன், அவ்வாறு செய்துவந்த பணியையுந் தானே ஏற்றல் வேண்டும் என்பதே இவ்விரு நதிவெளிகளின் வரலாறு புகட்டும் பாடமாகும்.