ஒரே ஒரு அதியமான்!

தருமபுரிக்குப் பக்கத்தில் அதியமான்கோட்டை வழியாகப் போயிருக்கிறீர்களா? தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைச் சுமக்கும் ஊர். எங்களிடம் ஒருவன் இருக்கிறான், களத்துக்கு வராதீர்கள் என்று அவனை வைத்தே எதிரிகளை மிரட்டுகிறார் ஔவையார், புறநானூற்றில். பெருஞ்சேரல் இரும்பொறை மிரளவில்லை. வந்தான்... தகடூர் விழுந்தது!

நம் கால்பந்துக் கதையும் ஏறக்குறைய இதுதான். 2005-லிருந்து இந்திய அணிக்கு அதியமான், சுனில் சேத்ரி. 2024 ஜூனில், 94 கோல்களோடு விடைபெற்றார். அவர் இருந்தபோதும் சரி, போன பிறகும் சரி, அந்த வருடம் இந்தியா ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை. 2025 மார்ச்சில், நாற்பது வயதில், அவரையே திரும்பக் கூப்பிட்டார்கள். மாலத்தீவுக்கு எதிராக வந்தார், கோலும் போட்டார்! பெருமை அவருக்கு, வெட்கம் நமக்கு.

1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. கோச் ரஹீமிடம் சுன்னி கோஸ்வாமி, பி.கே.பானர்ஜி, பலராம் என்று ஸ்டார்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும், தலையில் தையல் போட்டிருந்த டிஃபெண்டர் ஜர்னைல் சிங்கை ஃபைனலில் முன்வரிசைக்கு அனுப்பினார். பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். தென் கொரியாவை 2-1 என வீழ்த்தித் தங்கம்! யாரைக் குறிவைத்து மடக்குவது என்றே எதிரிக்குப் புரிந்திருக்காது.

அடுத்த வருடமே ரஹீம் காலமானார். அதன் பிறகு ஆசியப் போட்டியில் கால்பந்துத் தங்கம் நமக்குக் கிடைக்கவே இல்லை. ஆக, அந்த டீமுக்கும் ஒரு அதியமான் இருந்திருக்கிறார், கோட்டுக்கு வெளியே!

வீரன் வேண்டும்தான். ஆனால், அடுத்த வீரனைத் தயார் செய்யாத கோட்டைக்கு ஊர்ப்பெயர் மட்டும்தான் மிஞ்சும்!