புளிக்கும் நேரம்

மலாயில் ‘பாகான்’ என்றால் படகுத்துறை. எங்கள் பாகான் டாலாம் பட்டர்வொர்த் துறைமுகத்தை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் கப்பல், கொஞ்சம் தள்ளிப் பிறை தொழிற்பேட்டை. பொழுது சாய்வதை இங்கே சூரியனை வைத்துச் சொல்வதைவிட ஷிப்ட் முடிவதை வைத்துச் சொல்பவர்களே அதிகம். ஷிப்ட் முடிந்து ஃபெரி ஏறினால் ஜார்ஜ்டவுன். இறங்கி நடந்தால் உணவக வாசல்களில் பலகை நிற்கும்: ஹேப்பி ஹவர், மாலை 5 முதல் 8 வரை, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.

“எங்கடா மலிவு?” என்று நண்பர்கள் கேட்பார்கள். எனக்கு வருவது வேறொரு கேள்வி. அதே பீர், அதே குவளை, அதே மேசை. ஏழு ஐம்பத்தொன்பதுக்கு ஒரு விலை, எட்டு மணிக்கு இன்னொரு விலை. இடையில் மாறியது கடிகார முள் மட்டும்தான். அப்படியென்றால் அங்கே விற்பது பீரா, நேரமா?

இது புதுக் கேள்வி இல்லை. மலாயாவுக்கு வந்த தமிழர்களுக்கு இதில் நூறாண்டுக்கும் மேலான அனுபவம் உண்டு. அந்த அனுபவத்தின் பெயர் கள்ளுக்கடை.

*

முதலில் பெயரை முடித்துவிடலாம். ‘ஹேப்பி ஹவர்’ மதுக்கடையில் பிறந்த சொல் அல்ல. 1914 வாக்கில் அமெரிக்கக் கடற்படையின் ஆர்கன்சா என்ற போர்க்கப்பலில் மாலுமிகளுக்காக நடந்த குத்துச்சண்டை, இசை, படக்காட்சி ஆகியவற்றுக்கு அந்தப் பெயர் வழங்கியது. வேடிக்கை என்னவென்றால் அதே 1914 ஜூலையில்தான் அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களில் மதுவைத் தடைசெய்தது. குடியே இல்லாத கப்பலில் புழங்கிய சொல், பல ஆண்டுகள் கழித்துத்தான் கரையேறி மதுக்கடைப் பலகைக்கு வந்தது.

பெயர் அமெரிக்காவுடையது. ஆனால் நேரத்தைப் பார்த்து விலை மாறுகிற கணக்கைத் தென்னை மரம் நமக்கு எப்போதோ சொல்லிக்கொடுத்துவிட்டது. பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டியதுமே கள்ளின் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் இனிப்பைத் தின்று சாராயமாக்கும். இறக்கிய புதிதில் இனிக்கும். சில மணி நேரத்தில் 4, 5 சதவீதப் போதை ஏறும். மறுநாள் புளிப்பு, அதற்கப்புறம் வினிகர். பத்து காவான் பக்கம் இன்றும் தென்னங்கள் குடிக்கப் போகிறவர்கள் “காலையிலேயே போயிடணும்” என்று சொல்வது இதனால்தான். விற்காத கள்ளை நாளைக்கு வைத்து விற்க முடியாது.

உணவகத்தின் நாற்காலியும் அப்படித்தான். மாலை ஐந்தரைக்குக் காலியாக இருந்த நாற்காலியின் அரை மணி நேரத்தை எடுத்துவைத்து இரவு ஒன்பதுக்கு விற்க முடியாது. வாடகை, சம்பளம், குளிர்சாதனக் கட்டணம் எல்லாம் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும். கள்ளைப் போலவே நாற்காலியும் புளிக்கும். புளிப்பதற்குமுன் பாதி விலைக்காவது தள்ளிவிடுவதுதான் ஹேப்பி ஹவர். இதில் சூது ஒன்றும் இல்லை, நியாயமான வியாபாரம். விலை குறைவதற்குக் காரணம் கடைக்காரரின் அன்பு அல்ல என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

*

குடிக்கிறவனின் நேரத்தில் பணம் இருக்கிறது என்பதைப் பினாங்கில் முதலில் கண்டுகொண்டது அரசாங்கம். 1786இல் பிரான்சிஸ் லைட் தீவில் இறங்கினார். 1800இல் எதிர்க்கரை, அதாவது இன்றைய செபராங் பிறை, பிரிட்டிஷார் கைக்கு வந்தது. பினாங்கு வரியில்லாத துறைமுகமாக வளர்ந்தது. கப்பலிடம் வரி வாங்காவிட்டால் ஊரை எப்படி நடத்துவது? வழி, குத்தகை. அபின், சாராயம், சூதாட்டம் ஒவ்வொன்றையும் விற்கும் உரிமையை ஏலம் விட்டார்கள். கள்ளுக்கும், பாங்கு எனும் கஞ்சாச் சரக்குக்கும் சேர்த்து ஒரு குத்தகை இருந்தது. வணிகனின் மிளகுக்கும் துணிக்கும் வரி இல்லை. கூலியின் கோப்பைக்கு வரி உண்டு. ஜார்ஜ்டவுனின் பழைய கட்டடங்களைப் பார்த்து வியக்கும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. அதோடு தோட்டக் கள்ளுக்கடையும் நிலைத்தது. கள் வெகுதூரம் பயணம் தாங்காது, ஆகவே தோட்டத்துக்குள்ளேயே கடை. உரிமத்தோடு நடந்த கடை அது. திறக்கும் நேரமும் மூடும் நேரமும் மேலேயிருந்து வரும். பால் மரம் வெட்டி, பாலைக் கொண்டுவந்து நிறுத்துக் கொடுத்து, வேலை முடிந்தவன் வீட்டுக்குப் போகிற வழியில் அது திறந்திருக்கும்.

நிர்வாகம் இதற்கு ஒரு நியாயம் சொன்னது. தோட்டத்தில் நல்ல கள் கிடைக்காவிட்டால் தொழிலாளி வெளியே போய்க் கள்ளச் சம்சு குடித்துக் கெட்டுப்போவான் என்பது அந்த நியாயம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கள் சம்சுவைவிட மென்மையானது. அதைத் தமிழர்களுக்குத் துரைமார் கற்றுத்தரவும் இல்லை. ஊரிலேயே குடித்தவர்கள்தான். கடையின் லாபமும் துரையின் பைக்குப் போகவில்லை, தொழிலாளர் நலனுக்கான நிதிக்குத்தான் போகிறது என்றார்கள். கோயில் திருவிழாவும் விளையாட்டும் அந்த நிதியில் நடந்தன.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பணம் போகும் பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள். 1920களின் இறுதியில் ஆணுக்கு ஒரு நாள் தரக்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதைக் கொடுப்பது தோட்டம். அதில் ஒரு பங்கைக் கடையில் திரும்ப வாங்கிக்கொள்வதும் தோட்டம். வாங்கிய காசில் மிச்சமானதைத் திருவிழாவாகத் திருப்பித் தந்து “நலன்” என்று பெயர் வைப்பதும் தோட்டம். தொழிலாளி தன் கூலியிலேயே தனக்கு மொய் எழுதிக்கொண்டான். மிக மலிவான குடி, மிகப் பக்கத்தில், மிகச் சரியான நேரத்தில் கிடைத்தது. ஒரு வாடிக்கையாளருக்கு இதைவிட நல்ல ‘டீல்’ கிடைக்காது.

அந்தக் கடையை மூடு என்று கேட்டது அந்த வாடிக்கையாளர்தான்.

*

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம். ஆர். எச். நாதன் முன்னின்றவர்களில் ஒருவர். மே மாதம் அவரைக் கைது செய்தார்கள், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். போராட்டத்தை அடக்க ராணுவம் வந்தது. தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியல் இன்று படித்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி, ஒழுங்கான மருத்துவ வசதி, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது, துரை கிராணி முன்னால் சைக்கிளைவிட்டு இறங்காமல் ஓட்டிப் போகும் உரிமை. அந்த வரிசையில் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று.

கள்ளின் விலையைக் குறை என்று அவர்கள் கேட்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தரத்தைக் கூட்டு என்றும் கேட்கவில்லை. கூலியைப் பற்றிய கோரிக்கையும் கடையைப் பற்றிய கோரிக்கையும் ஒரே தாளில் இருந்தன. இரண்டும் ஒரே கணக்கின் வரவும் செலவும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

போருக்குப் பின் இது எங்கள் பக்கம் வந்தது. பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், கெடாவின் பீடோங்குக்கு. அங்கே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை உருவானது. போர்க்காலத்து இந்திய தேசிய ராணுவத்தின் ஒழுங்கு அதில் தெரிந்தது. அணிவகுப்பு, உடற்பயிற்சி, குடிக்கு எதிரான பிரச்சாரம், கள்ளுக்கடை மறியல். 1947இன் தொடக்கத்தில் மறியல் போலீசாரோடு மோதலாகி ஒரு தொழிலாளி உயிரிழந்தார். ஒரு கள்ளுக்கடைக்காகவா உயிர் போகவேண்டும் என்று இன்று தோன்றலாம். போலீசை அனுப்பியவர்களுக்கு அது வெறும் கள்ளுக்கடையாக இருந்திருந்தால் அனுப்பியே இருக்கமாட்டார்கள். மாலை நேரத்தில் கடை முன்னால் உட்கார்ந்திருந்தவன், அதே மாலை நேரத்தில் வரிசையில் நிற்கத் தொடங்கிவிட்டான். பயம் அங்கேதான்.

குடியை வெறும் ஒழுக்கக்கேடாகப் பார்த்துத் தொழிலாளிக்குப் புத்தி சொன்ன சீர்திருத்தக்காரர்களும் அந்தக் காலத்தில் நிறைய இருந்தார்கள். அவர்களையும் தொண்டர் படையையும் ஒன்றாக வைக்கக்கூடாது. அவர்கள் கேட்டது “ஏன் குடிக்கிறாய்?” தொண்டர் படை கேட்டது “யார் ஊற்றிக்கொடுக்கிறான்?”

*

மலிவு ஒன்று. குறுகிய நேரம் என்பது இன்னொன்று. அது என்ன செய்யும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. 1916இலிருந்து அங்கே சில மாநிலங்களில் மதுக்கடைகளை மாலை 6 மணிக்கே மூடச் சட்டம் வந்தது. குடி குறையும் என்பது எண்ணம். வேலை முடிவது 5 மணிக்கு. கையில் ஒரு மணி நேரம். விளைவு, மூன்று மணி நேரத்தில் குடிப்பதை ஒரு மணி நேரத்தில் ஊற்றிக்கொண்டார்கள். நியூ சவுத் வேல்ஸ் 1955லும் விக்டோரியா 1966லும் தெற்கு ஆஸ்திரேலியா 1967லும் அதைக் கைவிட்டன. இதையே மறுபக்கமிருந்து பார்த்த அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1984லும், அயர்லாந்து 2003லும் ஹேப்பி ஹவரைத் தடைசெய்தன. மணி அடிக்கப்போகிறது என்று தெரிந்தால் மனிதன் வேகமாகக் குடிக்கிறான். பலகையில் ‘8 வரை’ என்பது விலைக்கு மட்டும் போட்ட எல்லை இல்லை. நம் வேகத்துக்குப் போட்ட சாட்டையும் அதுதான்.

மலேசியாவில் பீர் விலை ஏன் இப்படி என்பதற்கும் கணக்கு உண்டு. 2016 மார்ச்சில் வந்தபோது அந்த முறைப்படி பீருக்குக் கலால் வரி, அதிலுள்ள சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 175 வெள்ளியாக இருந்தது. 5 சதவீதப் பீர் 500 மில்லியில் 25 மில்லி ஆல்கஹால். அந்த விகிதத்தில் வரி மட்டுமே 4 வெள்ளி 38 காசு வந்தது. ஆகவேதான் இங்கே ‘சலுகை’ என்ற சொல்லுக்கு இவ்வளவு இழுப்பு. மலிவான போதை தேடி ஏழைகள் சின்னப் போத்தல் சம்சுவுக்குப் போன கதையும் இதையொட்டியதுதான். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் அதற்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்தது. 2017 டிசம்பரில் மது வாங்கும் வயது 18இலிருந்து 21 ஆனது.

சரி, எங்கே மலிவு? ஒரு குவளை 24 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பலகையில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். ஒன்று 10 சதவீதச் சேவைக் கட்டணம், இன்னொன்று 6 சதவீதச் சேவை வரி. 24 என்பது 28க்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்றால் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பங்கு வாங்கினால் தலைக்கு 14. தனியாகப் போனவனுக்கு அதே சலுகை 28 வெள்ளிச் செலவு, கூடவே வேண்டாத இரண்டாவது குவளை. தனியாகப் போகிறவன் “ஒரு குவளை 15” என்று நேரடியாகக் குறைத்த கடையைத் தேடுவது நல்லது, பதினேழரைக்குள் முடியும். வெறும் வயிற்றில் உட்காரக்கூடாது. இலவசமாக வரும் உப்புக்கடலை இலவசம் இல்லை, அடுத்த குவளைக்கான தாகம். கடைசி ஆர்டர் கேட்டு வரும் தம்பி “அண்ணே, எட்டாகப்போகுது, இன்னும் ஒரு செட் போட்டுரவா?” என்பார். அவர் வேலை அது. போதும் என்பது நம் வேலை.

மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு எந்தச் சலுகையும் சலுகை இல்லை. 2020 அக்டோபரிலிருந்து அனுமதிக்கும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம்தான். மீறினால் முதல் முறைக்கே அபராதம் 10,000 வெள்ளியில் தொடங்குகிறது, சிறையும் உண்டு. பதினாலு வெள்ளியை மிச்சம் பிடிக்க அது ரொம்ப அதிகம்.

இப்படி எல்லாக் கணக்கையும் போட்ட பிறகும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. ஷிப்ட் முடிந்ததிலிருந்து தூங்கப் போகும்வரை ஒரு ஆளுக்குச் சொந்தமாக இருப்பது நாலைந்து மணி நேரம். அதில் மூன்றுக்குப் பலகையில் விலை எழுதியிருக்கிறார்கள். நண்பரோடு உட்கார்ந்து ஒரு குவளைக்கு அதில் ஒரு மணி நேரத்தைக் கொடுப்பது நல்ல வியாபாரமாகவே இருக்கலாம், நானும் கொடுப்பவன்தான். தினமும் கொடுத்தால் குவளை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நஷ்டம். கிள்ளான் தொழிலாளிகள் தங்களுக்குக் கிடைத்த மிக மலிவான ஒன்றை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது இந்தக் கணக்கைத் தெரிந்துதான். அதே பட்டியலில் இன்னொரு கோரிக்கையும் இருந்தது: பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம்.